யார் எவ்வளவு சுமப்பது? காலநிலைப் பேச்சுவார்த்தையில் நியாயக் கணக்கு: கேள்வி பதில்

உலக நாடுகள் ஆண்டுதோறும் கூடும் காலநிலை மாநாடுகளில் பூமியைச் சூடாக்கும் வாயுக்களை யார் எவ்வளவு குறைப்பது, யார் யாருக்குப் பணம் தருவது என்ற சண்டை 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஓயவில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. கணக்கில் வரும் ஒரு பில்லியன் என்பது 100 கோடி, ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு" என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அது சட்டமா, வெறும் பேச்சா சார்?

சட்டம்தான். 1992இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, முதல் உட்பிரிவில் இருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு ஒரே அளவானதல்ல. வளர்ந்த நாடுகள் முன்னால் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை நடைமுறைக்குக் கொண்டுவர இரண்டு பட்டியல்கள் போட்டார்கள். முதல் இணைப்பில் தொழில்வள நாடுகளும் பழைய சோவியத் முகாமின் நாடுகளும். இரண்டாம் இணைப்பில் அவர்களில் பணம் தர வேண்டியவர்கள் மட்டும்.

1997இல் வந்த கியோட்டோ ஒப்பந்தம் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டது. முதல் இணைப்பு நாடுகள் சேர்ந்து 2008-2012 காலத்தில் 1990 அளவைவிடக் குறைந்தது 5% குறைக்க வேண்டும்; மற்றவர்களுக்கு இலக்கு கிடையாது. ஆனால் கியோட்டோ மாநாடு கூடுவதற்கு முன்பே, அதே ஆண்டு ஜூலையில், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று அமெரிக்க செனட் 95-0 என்று தீர்மானம் போட்டுவிட்டது. 2001இல் அமெரிக்கா விலகியது. 2011 டிசம்பரில் கனடா வெளியேறுவதாக அறிவித்தது. ஜப்பானும் ரஷ்யாவும் இரண்டாம் கட்ட இலக்கை ஏற்கவில்லை.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் பட்டியல்கள் போய்விட்டன. கொள்கை வாசகம் மட்டும் தங்கியது; அதற்கும் "வெவ்வேறு தேசியச் சூழல்களின் அடிப்படையில்" என்று ஒரு வால் ஒட்டினார்கள். இப்போது ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தானே எழுதி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறது. தாக்கல் செய்வது சட்டக் கடமை. அதில் எழுதிய இலக்கை எட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தம் அப்படிக் கட்டாயமாக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் நியாயம் வழுக்கி விழுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். எந்த நாட்டின் பங்களிப்பு ஆவணத்தை எடுத்தாலும் "எங்கள் இலக்கு ஏன் நியாயமானது" என்று ஒரு பகுதி இருக்கும். 2018இல் கட்டோவிட்சே மாநாட்டில் வகுத்த விதிப்படி அதை விளக்கியாக வேண்டும். அங்கே ஏதாவது கணக்கு இருக்கிறதா, பெருமை மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டாவதுதான்.

கேள்வி (பொறியாளர், கோவை): வரலாற்றுப் பொறுப்பைக் கணக்கிட்டுக் காட்ட முடியுமா? எல்லோரும் சதவீதம் சொல்கிறார்கள், வழிமுறையைச் சொல்வதில்லை.

முடியும். தாளும் பேனாவும் போதும்.

முதலில் மொத்தக் கொள்ளளவு. 1850 முதல் 2019 வரை மனிதர்கள் வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 2,400 பில்லியன் டன் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கை. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த 50% வாய்ப்பு வேண்டுமானால், 2020 தொடக்கத்தில் மீதமிருந்தது இன்னும் 500 பில்லியன் டன். கூட்டினால் 2,900. இதுதான் 1850 முதல் கடைசி வரை மனித இனம் முழுவதற்குமான மொத்த ஒதுக்கீடு.

அடுத்து, மக்கள்தொகைப் பங்கு. இந்தியா சுமார் 17.7%. 2,900இல் அது 513 பில்லியன் டன். அமெரிக்கா சுமார் 4.2%, அதாவது 122. சீனா 18%, அதாவது 522.

பிறகு, செலவழித்தது. காடழிப்பு, நிலப் பயன்பாட்டையும் சேர்த்து 2021 வரை அமெரிக்கா ஏறக்குறைய 509, சீனா 284, இந்தியா 86 பில்லியன் டன்.

இப்போது கழித்துப் பாருங்கள். அமெரிக்கா தன் பங்கைப்போல நான்கு மடங்குக்கும் மேல் எடுத்துவிட்டது. இந்தியா தன் பங்கில் ஆறில் ஒன்றைத்தான் தொட்டிருக்கிறது. சீனா பாதியைத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு 11 பில்லியன் டன்னுக்கு மேல் வெளியேற்றுவதால் மீதியும் சுமார் 20 ஆண்டில் தீரும். உலகம் மொத்தமாக ஆண்டுக்கு 40 பில்லியன் டன் அளவில் வெளியேற்றுவதால் அந்த 500இலும் ஏறக்குறைய பாதி இதற்குள் போய்விட்டது. அதாவது இந்தியாவின் 'மீதிப் பங்கு' தாளில்தான் இருக்கிறது. அதை எடுக்க வளிமண்டலத்தில் இடமில்லை. அதனால்தான், எடுத்தவர்கள் பணமாகவும் தொழில்நுட்பமாகவும் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்கிறோம்.

இந்தக் கணக்கை எந்த இடங்களில் வளைக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்க ஆண்டு முதல் இடம். "1990க்கு முன் எங்களுக்கு விளைவு தெரியாது" என்பது வளர்ந்த நாடுகளின் வாதம். சரி, 1990இலிருந்தே எண்ணுங்கள். 2019 வரையிலான மொத்தத்தில் 42% அதற்குப் பிறகு வந்தது. தெரிந்தே செய்ததும் சின்னத் தொகையல்ல. நிலப் பயன்பாட்டைச் சேர்ப்பதா என்பது அடுத்தது. சேர்த்தால் பிரேசிலும் இந்தோனேசியாவும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிடும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மட்டும் என்றால் ஐரோப்பாவின் பங்கு ஏறும். காலனி ஆட்சிக்கால உமிழ்வை ஆண்ட நாட்டின் கணக்கில் எழுதினால் பிரிட்டனின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பொருளைச் செய்த நாட்டில் எழுதுவதா, வாங்கிப் பயன்படுத்திய நாட்டில் எழுதுவதா என்பதும் உண்டு. அதில் சீனாவின் எண் இறங்கும், ஐரோப்பாவின் எண் ஏறும்.

நான் மேலே போட்ட கணக்கிலும் ஒரு குறை உண்டு. இன்றைய மக்கள்தொகையை 1850 வரை பின்னால் நீட்டியிருக்கிறேன், அது இந்தியாவுக்குச் சாதகம். மீத்தேனையும் சேர்க்கவில்லை. ஆனாலும் எந்த வழியில் போட்டாலும் வரிசை பெரிதாக மாறுவதில்லை. மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் என்று ஐ.நா. பட்டியலிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தும் 1850 முதல் எரிபொருள், தொழிற்சாலை வழியே வந்த மொத்த உமிழ்வில் 0.4%க்கும் குறைவு. இந்த எண்ணை எந்தக் கணக்கு வித்தையும் அசைக்காது.

கேள்வி (வங்கி ஊழியர், சேலம்): ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் தருவதாகச் சொன்னதை வளர்ந்த நாடுகள் கொடுத்துவிட்டன என்கிறார்களே?

2009இல் கோபன்ஹேகனில் சொன்னது, 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. தரும் கணக்குப்படி 2020இல் 83.3, 2021இல் 89.6, 2022இல் 115.9 பில்லியன். ஆக, இரண்டு ஆண்டு தாமதமாக இலக்கைத் தாண்டினார்கள். ஆனால் 2022இன் அரசுத் தரப்புப் பணத்தில் 69% கடன். மானியம் 28% மட்டுமே.

நீங்கள் வங்கியில் இருப்பதால் இது உடனே புரியும். ஒரு நாட்டுக்கு 10 கோடி டாலர் கடன், 10 ஆண்டு, வட்டி 2%, அசல் கடைசியில் ஒரே தவணை என்று வையுங்கள். 5% தள்ளுபடி விகிதத்தில் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) திருப்பிச் செலுத்துவதன் இன்றைய மதிப்பு: வட்டிக்கு சுமார் 1.54 கோடி, அசலுக்கு சுமார் 6.14 கோடி, சேர்த்து 7.68 கோடி. கொடுத்தவர் உண்மையில் விட்டுக்கொடுத்தது 2.3 கோடி டாலர்தான். ஆனால் காலநிலை நிதி என்று அறிக்கையில் ஏறுவது முழு 10 கோடி. சந்தை வட்டிக்கே கொடுத்த கடனும் முழுமையாக ஏறும். எந்த வங்கியிலும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனை நன்கொடைக் கணக்கில் எழுத விடமாட்டார்கள். இப்படி வடிகட்டிப் பார்த்த ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு, 2022இன் உண்மை மதிப்பு 28 முதல் 35 பில்லியன் டாலர்தான் என்றது.

இன்னொரு ஓட்டை, "புதிய, கூடுதலான" நிதி என்று 1992 உடன்படிக்கையில் இருக்கும் சொற்கள். எதைவிடக் கூடுதல் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொண்ட வரையறை இல்லை. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த வளர்ச்சி உதவியின் பெயரை மாற்றினாலும் கணக்கில் வந்துவிடும்.

2024இல் பாகு மாநாட்டில் முடிவானது 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன். வளரும் நாடுகள் கேட்டது 1.3 டிரில்லியன், அந்த எண்ணும் உரையில் இருக்கிறது, ஆனால் எல்லாத் தரப்பும் சேர்ந்து முயல வேண்டிய ஒன்றாக. ஆண்டுக்கு 3% விலைவாசி ஏற்றம் என்று வைத்தாலே 2035இன் 300 பில்லியன் 2025ஆம் ஆண்டு மதிப்பில் சுமார் 223தான். தவிர, வளர்ச்சி வங்கிகள் கொடுக்கும் காலநிலைக் கடன் முழுவதும் இதில் சேரும். அந்த வங்கிகளில் இந்தியா போன்ற வளரும் நாடுகளும் பங்குதாரர்கள். வாங்குபவரின் பங்கையும் கொடுப்பவர் கணக்கில் சேர்த்துக்கொள்வது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. சுத்தியல் தட்டி முடிவு அறிவித்த பிறகு, இந்தியப் பிரதிநிதி எழுந்து எதிர்ப்பைப் பதிவு செய்தார். முடிவு நின்றது.

கேள்வி (சமூக சேவையாளர், மட்டக்களப்பு): ஐயா, டித்வா புயலுக்குப் பிறகு எங்கட நாட்டுக்கு 'இழப்பு, சேத' நிதியத்திலிருந்து காசு எடுக்க ஏலுமா? அதற்கு என்ன செய்ய வேண்டும்?

எடுக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 600 பேருக்கு மேல் உயிரைப் பறித்த ஒரு பேரழிவுக்குப் பிறகு இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காலநிலைப் பேரழிவால் வளரும் நாடுகளுக்கு நேரும் இழப்புக்கு உதவும் இந்த நிதியம் 2022இல் ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023இல் துபாயில் தொடங்கியது. உலக வங்கி இடைக்காலமாக இடம் கொடுக்கிறது, நிர்வாகக் குழுவுக்குப் பிலிப்பைன்ஸ் இடம் கொடுக்கிறது. தொடக்கக் கட்டத்துக்கு ஒதுக்கியது மொத்தம் 25 கோடி டாலர். ஒரு கோரிக்கைக்கு 50 லட்சம் முதல் 2 கோடி டாலர் வரை, மானியமாக. முதல் அழைப்பு 2025 நவம்பரில் பெலேம் மாநாட்டின்போது வந்தது. தனிமனிதரோ தொண்டு நிறுவனமோ நேரடியாகக் கேட்க முடியாது. நாட்டின் அரசு நியமித்த தொடர்பு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும்.

இலங்கைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். அந்த 25 கோடியில் குறைந்தது பாதி, சிறு தீவு வளரும் நாடுகளுக்கும் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கும். இலங்கை தீவுதான், ஆனால் ஐ.நா.வின் சிறு தீவுப் பட்டியலில் இல்லை. மற்றப் பட்டியலிலும் இல்லை. ஆகவே மிச்சப் பாதிக்கு எல்லா வளரும் நாடுகளோடும் போட்டியிட வேண்டும். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானுக்கு நேர்ந்த சேதமும் பொருளாதார இழப்பும் மட்டும் 30 பில்லியன் டாலருக்கு மேல். ஒரு வெள்ளத்துக்கு 30 பில்லியன், உலகம் முழுவதற்கும் கால் பில்லியன்.

உங்கள் அமைப்பு செய்யக்கூடியது, கிராம அலுவலர் பிரிவு வாரியான பதிவு. பேரிடருக்குப் பிந்தைய தேவை மதிப்பீட்டில் சேதம் வேறு, இழப்பு வேறு. உடைந்த வீடு, மூழ்கிய படகு, கரைந்த குளக்கட்டு எல்லாம் சேதம். அந்தப் படகு இல்லாமல் போன மூன்று மாத வருமானம் இழப்பு. அரசு மதிப்பீட்டில் முதலாவது நன்றாக வரும். இரண்டாவது, அதிலும் நாட்கூலி, வீட்டுத் தோட்டம், பெண்களின் சிறுதொழில், விட்டுப்போகும். குடும்பம், தொழில், எத்தனை நாள் வேலை இல்லை, ஒரு நாள் வருமானம் என்று நாலு பத்தி உள்ள படிவம் போதும். பிரதேச செயலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கோரிக்கை கொழும்பில் எழுதப்படும்போது ஆதாரம் உள்ள மாவட்டங்கள்தான் அதில் இடம்பிடிக்கும்.

கடனாக வரும் 'உதவி'யை மட்டும் கவனமாகப் பாருங்கள். 2022இல் கடன் கட்ட முடியாமல் நின்ற நாட்டுக்கு, தான் உண்டாக்காத புயலுக்கு இன்னொரு கடன் என்பது நியாயத்தைத் தலைகீழாக்குவது.

கேள்வி (அதே கேள்வியாளர்): நட்டஈடு என்று உரிமையாகக் கேட்க ஏலாதா?

பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு இழப்பு, சேதத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதனோடு எடுத்த முடிவின் 51ஆம் பத்தி, அந்தப் பிரிவு சட்டப் பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படை ஆகாது என்கிறது. அமெரிக்கா கேட்டு வாங்கிய வரி அது. அதனால்தான் நிதியத்துக்கு வரும் எல்லாமே விருப்பப் பங்களிப்பு. ஜெர்மனி 10 கோடி டாலர் அறிவித்தது; பணம் தர வேண்டியவர்கள் பட்டியலில் இல்லாத ஐக்கிய அரபு அமீரகமும் 10 கோடி அறிவித்தது; வரலாற்று உமிழ்வில் முதலிடம் பிடித்த அமெரிக்கா 1.75 கோடி.

பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னின்று கொண்டுபோன வழக்கு வேறு கதவைத் திறந்திருக்கிறது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காக்கும் கடமை ஒப்பந்தங்களில் மட்டுமல்ல, வழமைச் சர்வதேசச் சட்டத்திலும் (நாடுகளின் நீண்டகால வழக்கத்தால் உருவான சட்டம்) இருக்கிறது, அதை மீறுவது தவறான செயல், அதற்கு ஈடு செய்வதும் ஒரு விளைவாகலாம். இது ஆலோசனைக் கருத்து, யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினால் பொறுப்பும் போய்விடும் என்று இனி எளிதாக வாதாட முடியாது.

கேள்வி (ஆசிரியர், மதுரை): சீனா இன்னும் 'வளரும் நாடு'தானா?

1992 பட்டியல்படி ஆம். தென்கொரியா, சிங்கப்பூர், கத்தாரும் அப்படித்தான். சீனா இன்று உலக உமிழ்வில் 30% அளவுக்கு வெளியேற்றுகிறது, ஆள்வீதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தைத் தாண்டிவிட்டது. பட்டியல் பழையதாகிவிட்டது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சீனாவை உள்ளே இழுக்கச் சொல்வதில்லை. தங்கள் பெயரை வெளியே எடுக்கத்தான் சொல்கிறார்கள். வளரும் நாடுகளும் விருப்பப்பட்டால் தரலாம் என்று பாகு முடிவு சொல்கிறது. அதற்கு மேல் நகரவில்லை.

கேள்வி (சட்ட மாணவர், சென்னை): 2021 கிளாஸ்கோ மாநாட்டில் கடைசி நிமிடத்தில் இந்தியா நிலக்கரி வாசகத்தை மாற்றியது நியாயமா? ஒரு நாடு எப்படி மொத்த முடிவையும் மாற்ற முடிகிறது?

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன். இந்த மாநாட்டின் நடைமுறை விதிகளில் வாக்கெடுப்பு பற்றிய 42ஆம் விதி இன்றுவரை ஏற்கப்படவே இல்லை. அதனால் எல்லாம் ஒருமித்த கருத்தில்தான் முடிய வேண்டும். ஒத்துவராத ஒவ்வொரு சொல்லும் வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், ஒரு திரை, திரையில் வரைவு. ஒவ்வொரு குழுவாகப் பெயர்ப்பலகையைத் தூக்கி "இந்த அடைப்பை எடுங்கள்", "அந்த அடைப்பு இருக்கட்டும்" என்பார்கள். முடிவுக்கு வராத தலைப்பு 16ஆம் விதிப்படி அடுத்த கூட்டத்துக்குத் தானாகப் போய்விடும். அதில் ஒரு வரி உரைகூட மிஞ்சாது.

இது எல்லோருக்கும் சம வலிமை தருவதுபோலத் தெரியும். உண்மையில் ஆள்பலம் பேசுகிறது. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகளில் கூட்டம் நடக்கும். பெரிய நாட்டுக்கு ஒவ்வோர் அறைக்கும் ஒரு வழக்கறிஞர். சிறு தீவு நாட்டில் மொத்தமே நாலைந்து பேர். கடைசி இரவில் அவர்கள் இரண்டு நாள் தூங்காமல் இருப்பார்கள். 2023இல் துபாயில் முடிவை அறிவித்துச் சுத்தியல் தட்டியபோது சிறு தீவு நாடுகளின் பிரதிநிதிகள் அரங்குக்குள்ளேயே இல்லை. தங்கள் நிலைப்பாட்டை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தார்கள். சமோவாவின் பிரதிநிதி பிறகு அதை அவையிலேயே சொன்னார். எழுந்து கைதட்டினார்கள். முடிவு மாறவில்லை.

சட்ட மாணவர் என்பதால் பாரிஸ் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவையும் பாருங்கள். கடைசி வரைவில் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரம் தழுவிய குறைப்பு இலக்கு "ஷால்" (shall, செய்தே ஆக வேண்டும்) என்று கட்டாயமாக இருந்தது. அப்படியே விட்டால் செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் என்று அமெரிக்கா மறுத்தது. அச்சுப்பிழைத் திருத்தம் என்ற பெயரில் அவையில் வாசித்து "ஷுட்" (should, செய்வது நல்லது) ஆக்கினார்கள். பிறகுதான் ஒப்பந்தம் நிறைவேறியது. ஆக, கடைசி நிமிட மாற்றம் இந்தியா கண்டுபிடித்ததல்ல.

கிளாஸ்கோவில் நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக நிறுத்துவது' என்று இருந்ததை, சீனாவின் ஆதரவோடு, 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றச் சொன்னது இந்தியா. வாதத்தில் நியாயம் உண்டு: வரைவு நிலக்கரியை மட்டும் குறிவைத்தது, அமெரிக்காவும் வளைகுடா நாடுகளும் வாழும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் அந்த வாதத்தை இரண்டு வாரமும் வெளிப்படையாக வைத்து, எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும். கடைசி அரை மணியில் சொன்னதால் கடலில் மூழ்கும் தீவுகளுக்கு எதிராக இந்தியா நிற்பதாகத்தான் உலகம் பார்த்தது. துபாயில் எல்லாப் புதைபடிவ எரிபொருள்களிலிருந்தும் விலகிச் செல்வது என்ற வாசகம் வந்தபோது அந்த வாதம் ஓரளவு நிறைவேறியது.

கேள்வி (போல்ட், நட்டு ஏற்றுமதியாளர்): ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்குக்குக் கார்பன் வரி என்கிறார்கள். இதுவும் நியாயம்தானா? நான் என்ன செய்ய வேண்டும் சார்?

முதலில் வேலை, பிறகு நியாயம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் சரிக்கட்டு முறை 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இவற்றுக்கு. போல்ட், நட்டு, ஸ்க்ரூ இரும்புப் பிரிவில் வருகின்றன. கட்டுவது நீங்கள் அல்ல, உங்களிடம் வாங்கும் இறக்குமதியாளர். ஆனால் விலையில் அவர் உங்களிடம்தான் பிடிப்பார். அவருடைய மொத்த இறக்குமதி ஆண்டுக்கு 50 டன்னுக்குள் என்றால் விலக்கு உண்டு, அதை முதலில் கேளுங்கள்.

கணக்கின் உருவம் இது. ஒரு டன் சரக்குக்கு உமிழ்வு 2.5 டன், ஐரோப்பிய அளவுகோல் (அங்குள்ள ஆலைகளுக்கு இலவசமாக விடும் அளவைக் கணிக்கும் அடிப்படை) 1.4, கார்பன் விலை டன்னுக்கு 75 யூரோ என்று வையுங்கள். இவை விளக்கத்துக்கான எண்கள். 2026இல் அளவுகோலின் 97.5% கழிக்கப்படும்: 1.365. மீதி 1.135, பெருக்கினால் டன்னுக்கு 85 யூரோ. அந்தக் கழிவு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி 2034இல் இல்லாமல் போகும். அப்போது அதே சரக்குக்கு 187.50 யூரோ.

இதில் அடிபடும் இடம் உங்கள் பட்டறை அல்ல. உருக்கொடுப்பதற்கும் சூடாக்கிப் பதப்படுத்துவதற்கும் ஆகும் மின்சாரம், எரிபொருளைவிட, நீங்கள் வாங்கும் கம்பியில் ஒளிந்திருக்கும் உமிழ்வுதான் மிகப் பெரிது. ஆகவே கம்பி கொடுக்கும் ஆலையிடம் சுருள் எண் வாரியாக உமிழ்வுத் தரவை எழுத்தில் கேளுங்கள். பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்த கம்பிக்கு எண் பல மடங்கு குறையும். தரவு இல்லையென்றால் ஒன்றியம் நிர்ணயித்த இயல்பு மதிப்பைப் போடுவார்கள். அது தண்டனை போல உயர்த்தியே வைக்கப்பட்டிருக்கிறது. 2026 ஏற்றுமதிக்கான கணக்கை உங்கள் இறக்குமதியாளர் 2027 செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதில் உங்கள் சொந்த எண்ணைப் போட, அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் அறிக்கை வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு தேடினால் ஆள் கிடைக்காது.

நியாயத்துக்கு வருகிறேன். தங்கள் ஆலைகள் கார்பன் விலை கட்டும்போது வெளிச் சரக்கு கட்டாமல் வரக்கூடாது என்பது ஐரோப்பாவின் வாதம். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒரே டன்னுக்கு ஒரே விலை என்பது வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வசூலாகும் பணமும் ஐரோப்பாவிலேயே தங்குகிறது. அதை வளரும் நாடுகளின் எஃகு ஆலைகளை மாற்றுவதற்குத் திருப்பித் தந்திருந்தால் என் எதிர்ப்பு பெரும்பாலும் போயிருக்கும். சரக்கு உற்பத்தியான நாட்டில் கட்டிய கார்பன் விலையைக் கழிக்க விதி இருக்கிறது. இந்தியாவின் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் முழுமையாக ஓடத் தொடங்கினால் அந்தப் பணமாவது இங்கே நிற்கும். பெலேமில் இந்தத் தலைப்பைப் பேச ஜூன் மாதம் ஜெர்மனியின் பான் நகரில் நடக்கும் கூட்டங்களில் இடம் ஒதுக்கினார்கள். பேச மட்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஆள்வீதம் 2 டன் என்று சொல்லி இந்தியப் பணக்காரர்கள் ஏழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லையா?

ஒளிந்துகொள்கிறார்கள். உலக அளவில் உமிழ்வில் ஏறக்குறைய பாதி, மேல்தட்டு 10% பேருடையது. அவர்களில் ஒரு பகுதி மும்பையிலும் டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிறது. 1991இல் டெல்லியின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பிழைப்புக்கான உமிழ்வையும் சொகுசுக்கான உமிழ்வையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்று எழுதினார்கள். நெல் வயலின் மீத்தேனும் மூன்றாவது காரின் புகையும் ஒன்றல்ல. அந்த வாதத்தை வெளியே சொல்பவர்கள் உள்ளேயும் சொல்ல வேண்டும். உள்நாட்டு அநியாயம் வெளிநாட்டு நியாயக் கோரிக்கையைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் அதைப் பலவீனப்படுத்தும்.

கேள்வி (ஒப்பந்தத் தொழிலாளியின் மகன், நெய்வேலி): நிலக்கரியை விட்டு விலகினால் எங்கள் ஊர் என்ன ஆகும்? அதற்கும் இந்த மாநாடுகளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு தம்பி. 'நியாயமான மாற்றம்' என்ற பெயரில் தனித் தலைப்பாகவே இருக்கிறது. பெலேமில் அதற்கென ஒரு செயல்முறை அமைக்க ஒப்புக்கொண்டார்கள். முன்மாதிரியாகப் பேசப்படுவது தென்னாப்பிரிக்கா. 2021இல் பணக்கார நாடுகள் 8.5 பில்லியன் டாலர் அறிவித்தன. அதில் மானியம் 4% அளவுதான், மற்றது பெரும்பாலும் கடன். 2022 அக்டோபரில் கொமாட்டி அனல் நிலையத்தின் கடைசி அலகை மூடினார்கள். நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிலையத்தை நம்பியிருந்த சிறு கடைகளும் தனித்து விடப்பட்டார்கள். பயிற்சியும் புதிய வேலையும் மூடிய பிறகு மெதுவாக வந்தன.

நெய்வேலிக்கு இதில் பாடம் வரிசைமுறைதான். எந்தச் சுரங்கம், எந்த அலகு, எந்த ஆண்டு என்ற அட்டவணை முதலில் வெளிவர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடு ஒப்பந்ததாரரிடம் மட்டும் இருக்கக் கூடாது. பெயர், வருகை நாள், வருங்கால வைப்பு நிதி எண் எல்லாம் தொழிற்சங்கத்திடமும் இருக்கட்டும். பெயர் இல்லாதவருக்கு எந்த ஈட்டுத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை. நிலம் கொடுத்த குடும்பங்களின் பட்டியல் தனியாக வேண்டும்.

கேள்வி (பத்திரிகையாளர், புதுச்சேரி): அடுத்த மாநாட்டுச் செய்தியில் எதைப் பார்த்து எழுதினால் உருப்படியாக இருக்கும்?

தலைவர்களின் உரையை விடுங்கள். வளர்ந்த நாடுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை தரும் வெளிப்படைத்தன்மை அறிக்கையைத் திறங்கள். முதல் தவணைக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அதில் நிதி அட்டவணைக்குப் போங்கள். 'கருவி' என்ற நிரலில் மானியமா கடனா என்று இருக்கும். 'நிலை' என்ற நிரலில் பணம் போய்ச் சேர்ந்ததா, வாக்கு மட்டுமா என்று இருக்கும். தகவமைப்புக்கு (மாறும் காலநிலைக்கு ஏற்பத் தயாராவதற்கு) எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்: தகவமைப்பு நிதியை 2025க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று கிளாஸ்கோவில் சொன்னார்கள், பெலேமில் 2035க்குள் மும்மடங்கு என்று இலக்கு இன்னும் தள்ளிப்போனது. அட்டவணைக்குக் கீழே 'புதியது, கூடுதலானது' என்பதைத் தாங்கள் எப்படி வரையறுத்தோம் என்று ஒவ்வொரு நாடும் எழுதியிருக்கும். ஐந்து நாடுகளின் அந்த ஒரு பத்தியை அருகருகே வைத்தாலே ஒரு முழுப்பக்கச் செய்தி கிடைத்துவிடும். 2028இல் உலக அளவிலான இரண்டாவது கணக்கெடுப்பு முடியும்போது இந்த அட்டவணைகளை வைத்துத்தான் சண்டை நடக்கப்போகிறது.